நாற்பதை நாலாக்கிய மடங்கு அண்ணாச்சி

தூத்துக்குடிக்குப் பெருமை மூன்று என்பார்கள்: முத்து, உப்பு, மக்ரூன். நாலாவது ஒன்றும் உண்டு. ஒரு கம்பெனியின் பங்கை அதன் லாபத்தைப் பார்த்து விலை பேச மறுக்கும் ஒரே எடைமேடைக்காரர் இந்த ஊரில்தான் இருக்கிறார். அவர்தான் எங்கள் மடங்கு அண்ணாச்சி. சொந்தப் பெயரைக் கேட்காதீர்கள். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் எனக்கே தெரியாது.

துறைமுகச் சாலையில் லாரிகளை எடைபோடும் மேடை அவருடையது. மற்ற மேடைகளில் லாரி ஏறும், சீட்டு வரும், லாரி இறங்கும். இவரிடம் முதலில் கிளீனர் இறங்க வேண்டும். பிறகு தண்ணீர்க் கேன், அடுப்பு, அரிசிப் பை. ஒருநாள் ஒரு டிரைவர் பொறுக்கமாட்டாமல் கத்தினார்.

"அண்ணாச்சி, அந்தப் பய ஓணான் மாதிரி இருக்கான். அவன் இருந்தா என்ன, எறங்குனா என்ன?"

"ஏலே, நான் உப்பத்தாம்ல எடை போடுதேன், உன் குடும்பத்தை இல்ல. எறக்குல ஓணானை!"

பழைய பேப்பர் ஏற்றிய வண்டி வந்தால் அண்ணாச்சியே மேலே ஏறிவிடுவார். மூட்டைகளுக்குள்ளிருந்து கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் பொறுக்கி எடுப்பார். எடுத்த அறிக்கைகளின் எடையைச் சீட்டில் கழித்தும் எழுதுவார். அவருடைய பங்குச்சந்தைப் படிப்பு முழுவதும் அப்படிக் கிலோக் கணக்கில் வந்ததுதான். எதிரே டீக்கடைக்காரரிடம் ஒருமுறை, அந்த அறிக்கைகளில் வரும் எபிட்டா, எபிட்டா என்று நாற்பது நிமிடம் பேசினார். கடைக்காரர் கடைசியில், "யாரு அண்ணாச்சி அந்தப் பிள்ளை? மணப்பாட்டுப் பக்கமா?" என்றார். அண்ணாச்சி இரண்டு நாள் அங்கே டீ குடிக்கவில்லை.

நான் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் டாலி கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவன். ஊரில் மீன் பதப்படுத்தும் குளிர்பதனக் கம்பெனி தொடங்கியபோது நாலாயிரம் பங்கு வாங்கியிருந்தேன். சில வருடங்களுக்கு முன் சென்னைக்காரர்கள் அந்தக் கம்பெனியை விலைக்குக் கேட்டு வந்தார்கள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனி அது. பாதிக்கு மேல் பங்கு எங்களைப் போன்ற சில்லறை ஆட்களிடம் கிடந்தது. பங்குக்கு அறுபது ரூபாய் தருவதாகக் கடிதம் வந்தது.

எனக்கு உடனே கையெழுத்துப் போட வேண்டும். உப்புக்காற்றில் எங்கள் வீட்டு மாடிக் கம்பிகள் துருவேறி, காரை உதிர்ந்துகொண்டிருந்தது. அந்த மாதத்தில் ஏழு முறை விழுந்தது. அதில் இரண்டு என் மனைவியின் தலையணை மேல். கொத்தனார் நாலு லட்சம் கேட்டார். அறுபது வீதம் விற்றால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். மீதிக்கு வழி தெரியாது, ஆனால் இதையும் விட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் படிவத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன்.

"லாபத்தைப் போல நாற்பது மடங்கு தருகிறார்களாம் அண்ணாச்சி."

"எந்த லாபம் வே? உமக்கு ஒரு லாரியை ரெண்டு லட்சத்துக்குத் தாரேன். அதுமேல மூணு லட்சம் பைனான்ஸ் பாக்கி, நீருதான் கட்டணும். லாரி உமக்கு என்ன விலைக்கு விழுது?"

"அஞ்சு."

"கேபின் பெட்டியில அம்பதாயிரம் ரொக்கம் கெடக்கு. அதுவும் உமக்குத்தான். இப்ப?"

"நாலரை."

"அதான் வே முழு விலை! பங்கு விலையோட கடனைக் கூட்டு, ரொக்கத்தைக் கழி. பொறவு வட்டி, வரி, தேய்மானம் கழிக்கதுக்கு முந்தி தொழில்ல என்ன வருதுன்னு பாரு, அதான் எபிட்டா. இதை அதால வகு. படிவத்தை உள்ள வையும்."

கம்பெனியில் மொத்தம் பத்து லட்சம் பங்கு. அறுபது ரூபாய் வீதம் ஆறு கோடி. கடன் ஒன்பது கோடி, ரொக்கம் ஒரு கோடி. முழு விலை பதினாலு கோடி. தொழிலில் வருவது வருடத்துக்கு மூன்றரைக் கோடி. புதிய கிடங்கின் வட்டியும் தேய்மானமும் அதைத் தின்றுவிட, ஏட்டில் லாபம் என்று பதினைந்து லட்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இதே போன்ற கம்பெனி ஒன்று அப்போதுதான், அண்ணாச்சி சொன்ன கணக்கில், ஏழு மடங்குக்கு விலைபோயிருந்தது.

"அப்படியென்றால் நமக்கும் ஏழா?" என்றேன்.

"அவசரப்படாதேயும். தேய்மானத்துல ரெண்டு சாதி. காகிதத்துல தேயுறது ஒண்ணு, நெசமாவே தேயுறது ஒண்ணு. பாத்துட்டு வாரேன்."

மறுநாள் ஐஸ் வாங்குபவர்போல் சைக்கிளில் அங்கே போனார். ஒரு ஐஸ் பாளத்தைக் கேரியரில் கட்டி, சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு, இயந்திர அறைக்குள் நுழைந்து, கம்ப்ரசர் ஒவ்வொன்றிலும் காதை வைத்து நின்றாராம். காவலாளி பிடித்து வெளியே விட ஒரு மணி நேரம் ஆயிற்று. திரும்பியபோது கேரியரில் நனைந்த சாக்கு மட்டும் இருந்தது.

"மூணுல ரெண்டு பூனைக்குட்டி மாதிரி ஓடுது. ஒண்ணு இருமுது. இருமலுக்கு ஒரு மடங்கு கழி. ஆறு!"

ஆறு மடங்கு என்றால் பங்குக்கு நூற்றுமுப்பது ரூபாய்.

பங்குதாரர் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. எண்பத்தேழு பேர். சென்னை அதிகாரி திரையில் படம் காட்டி, "லாபத்தைப் போல் நாற்பது மடங்கு!" என்றதும் கைதட்டல். அண்ணாச்சி வேட்டியை இறக்கிவிட்டு எழுந்தார்.

"தம்பி, அந்த ஒம்பது கோடிக் கடனை யாரு கட்டுவா?"

"கம்பெனி கட்டும் சார்."

"கம்பெனியை யாரு வாங்குதா?"

"நாங்க."

"அப்ப கடனையும் சேத்துத்தான நீங்க விலை போட்டிருப்பீங்க? அதுல எத்தனை மடங்கு வருது? அதையும் சொல்லிருங்க, நாங்க சாப்பிடப் போணும்."

அதிகாரி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒலிபெருக்கி அணைக்கப்படவில்லை. "நாலு," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

"நாப்பது எப்படி நாலாச்சு தம்பி? பூச்சியம் எந்த லாரியில போச்சு?"

எழுந்த சிரிப்பில் மண்டபம் இடிந்துவிடும் என்று பயந்தேன். எங்கள் வீட்டு மாடி எனக்குக் கற்றுத்தந்த பயம் அது. ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த இருபத்தாறு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. தலையணையை மாற்றி மாற்றிப் போட்டோம். காரை இன்னும் நாலு முறை விழுந்தது. இருபத்தேழாம் நாள் புதிய கடிதம் வந்தது: பங்குக்கு நூற்றுப்பத்து. எண்பத்தாறு பேர் வரிசையில் நின்று கையெழுத்திட்டோம். அண்ணாச்சி மட்டும் வரவில்லை. அவரிடம் இருந்தது ஐம்பதே பங்கு.

"நூற்றுப்பத்து நல்ல விலை அண்ணாச்சி. எல்லாரும் கொடுத்தாச்சு."

"வகுத்துப் பாத்தீரா? அஞ்சரைகூட வரல வே. நான் ஆறு சொன்னேன். இருமலையும் கழிச்சுட்டுச் சொன்னேன்."

இப்போது எங்கள் வீட்டு மாடி கல்லுப்போல் நிற்கிறது. பங்கு உள்ளவர்களை மட்டும் உள்ளே விடும் கம்பெனியின் வருடாந்தரக் கூட்டத்துக்கு அண்ணாச்சி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போகிறார். கடன் எவ்வளவு, ரொக்கம் எவ்வளவு, மூன்றாவது கம்ப்ரசர் எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். சென்னைக்காரர்கள் எழுந்து நின்று பதில் சொல்கிறார்கள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நாலாயிரத்தில் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதைத்தான் நான் விற்றேன்.