இருந்தபடியார்

இருந்தபடியார் என்று ஓர் இனம் உண்டு. தேடி அலைய வேண்டாம். ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் ஒரு ஃபோன் அடிக்கட்டும், பாதிப் பேர் சட்டைப்பையைத் தடவுவார்கள். எல்லோருக்கும் கடையிலிருந்து வந்த அதே மணிதான். மாற்றினால் என்ன? மாற்றுவதா! கம்பனிக்காரன் யோசிக்காமலா வைத்திருப்பான்? புது டீவியின் மேல் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளை இவர் உரிக்க மாட்டார். முகங்கள் மங்கலாகத் தெரிந்தால், நம்ம ஊர் மூடுபனி டீவிக்குள்ளேயும் வரும்தானே என்பார். அப்பா இருந்த தொழிற்சங்கத்திலேயே இருப்பார். அப்பா ஏன் அதில் சேர்ந்தார் என்று கேட்டால், தாத்தா அதில் இருந்தாராம்.

இணையத்தைத் திறந்துகாட்டும் உலாவிகளுக்குள் உலகம் முழுக்கப் போட்டி. நான் வேகம், நான் ரகசியம் காப்பேன், என்னையே முதன்மை உலாவியாக வையுங்கள் என்று ஒவ்வொன்றும் தேர்தல் வேட்பாளர் மாதிரிக் கும்பிட்டபடி வாசலில் நிற்கிறது. நின்று என்ன பயன்? ஃபோனோடு வந்தது ஏற்கெனவே உள்ளே பாய் விரித்துப் படுத்துவிட்டது.

மலையூரான நானுஓயாவில் உருளைக்கிழங்கு போடும் யோகேஸ்வரன் இந்த இனத்தில் ஒரு மகான். கட்டாரில் வேலை செய்யும் மகன் விஜிதரன் அங்கேயே ஒரு ஃபோன் வாங்கி, அங்கேயே எல்லாம் சரிபார்த்து அனுப்பியிருந்தான். அதன் உலாவியைத் திறந்தால் முதல் பக்கத்தில் டோஹா நகரத்துக் காலநிலை. ஊரை மாற்ற ஒரு தட்டுப் போதும். தட்டுவாரா?

ஜனவரி மாதக் குளிரில் வெறும் சட்டையோடு வாசலில் நின்று நடுங்கினார்.

"ஏங்க, பல்லு தந்தியடிக்குது. ஸ்வெட்டரப் போடுங்க" என்றாள் மனைவி சீதாலெட்சுமி.

"இருவத்தி நாலு டிகிரி காட்டுது புள்ள. இந்த வெயில்ல ஸ்வெட்டரா?"

பக்கத்துத் தோட்டம் சீதாலெட்சுமியின் தம்பி மயில்வாகனத்துடையது. இவர் நேர் எதிர். எந்த உலாவி வந்து நின்றாலும் உள்ளே விடுவார். ஃபோனில் நாலு உலாவிகள் குடித்தனம் நடத்தின, நாலுக்கும் ஓயாத சண்டை.

ஒரு நாள் சாயங்காலம் வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்து கிடந்தது. அப்படித் தெளிந்தால் ராத்திரி உறைபனி விழும் என்று சீதாலெட்சுமிக்குத் தெரியும். விழுந்தால் செடி கருகிவிடும், போட்டதெல்லாம் போச்சு. "கெழங்க மூடணும்" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் யோகேஸ்வரன் தறப்பாள் விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

"சீதா, சாக்கு, கோணி எல்லாத்தையும் எடு! பெரிய மணல் காத்து வருதாம்!"

"நானுஓயாவுலயா? மணலா?"

"எச்சரிக்கையே போட்டிருக்கான். கதவு ஜன்னல மூடச் சொல்றான். தோட்டத்துக்கு ஏது கதவு?"

அவள் அவரைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். "எதுக்கோ மூடுங்க சாமி" என்று கோணியைத் தூக்கினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் மயில்வாகனம் ஃபோனும் கையுமாக நின்றார்.

"தம்பி, பனி விழும்டா, நீயும் மூடு" என்று கத்தினாள் அக்கா.

"இரு, அக்கா. ஒண்ணு பனிங்குது. ஒண்ணு தூறல்ங்குது. மூணாவது, என்னைய முதன்மையா வச்சியானு கேக்குது. நாலாவது அப்டேட் ஆகிட்டிருக்கு. அது வரட்டும்."

வரவில்லை. விடிந்தபோது ஊரே சுண்ணாம்பு தெளித்தது போல வெளுத்துக் கிடந்தது. மயில்வாகனத்தின் செடிகள் வெந்நீர் ஊற்றியது போல் துவண்டு கறுத்திருந்தன. அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். யோகேஸ்வரன் தறப்பாளை விலக்கினார். உள்ளே எல்லாம் பச்சை. செடிகளைத் தடவிப் பார்த்தவருக்குக் கண் கலங்கியது.

"பாத்தியா சீதா! ஒரு பொட்டு மணல்கூட உள்ள வரல!"

தம்பியின் முகத்தைப் பார்த்தபின் அவளால் சிரிக்க முடியவில்லை.

"எங்கிட்ட வெதக்கெழங்கு இருக்கு மாப்ள, எடுத்துப் போடு" என்றார் யோகேஸ்வரன். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல முடியாது.

மயில்வாகனம் மூக்கை உறிஞ்சினார். "அது சரி மச்சான். அந்த பிரவுசர் எதுங்க?"

அன்றே நாலு உலாவிகளும் தெருவுக்கு வந்தன. செய்தி பரவியது. இன்று நானுஓயாவில் பல வீடுகளில் டோஹா காலநிலைதான். கொட்டும் மழையில் குடை இல்லாமல் நனைகிறார்கள். கேட்டால், மழை என்று போடவில்லையே என்கிறார்கள். இதற்கிடையில் பதறிப்போன விஜிதரன் தொலைபேசியில் ஊரை மாற்றச் சொன்னபோது யோகேஸ்வரன் மகனையே திட்டினார்: "பயிரக் காப்பாத்தின ஃபோன்ல கைய வைக்கச் சொல்றியேடா!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் ஃபோனில் இருக்கும் உலாவியை நீங்கள் தேர்ந்தெடுத்தீர்களா, அது உங்களைத் தேர்ந்தெடுத்ததா? இப்போதே எடுத்துப் பார்க்கலாமே. என்ன, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறீர்களா?

வாருங்கள், வாருங்கள். யோகேஸ்வரனுக்குப் பக்கத்தில் உங்களுக்கென்றே ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறது. மாற்றிக் கேட்கவா போகிறீர்கள்?