கருத்தின்மைச் சான்றிதழ்

பாகூர் பக்கம், கரும்பும் நெல்லும் விளைகிற ஓர் ஊரின் வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தார்கள். கடலுக்கு அப்பால் இரண்டு நாடுகளுக்குள் போர் மூண்ட மூன்றாம் நாளுக்குள் இருநூற்றுப் பதின்மூன்று பேர் தத்தம் கருத்தைப் பதிவு செய்து முடித்துவிட்டார்கள். மீதி ஒருவர் மோட்டர் மெக்கானிக் ஆதிமூலம். அவர் அந்த மூன்று நாளும் போர்வெல்லில் சிக்கிய ஒரு மோட்டரை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்.

ஊர் இரண்டாகியிருந்தது. ஒரு நாட்டின் கோடு போட்ட கொடியை முகப்புப் படமாக வைத்தவர்கள் கோட்டுக்காரர்கள், தலைவர் மணிவண்ணன். மற்ற நாட்டின் வட்டம் போட்ட கொடியை வைத்தவர்கள் வட்டத்துக்காரர்கள், தலைவர் கண்ணையன். பால் சொசைட்டியில் இரண்டு வரிசை. சலூனில் நாள் பிரித்துக்கொண்டார்கள்.

ஆதிமூலம் மகள் சுவேதாவின் கல்யாணப் பத்திரிகையோடு போனபோது, மணிவண்ணன் அதைக் கையில் வாங்கவில்லை.

"மாமா, நீ எந்தப் பக்கம்?"

"நான் பொண்ணு வூட்டுப் பக்கம்பா."

"வெளாடாத. சண்டையில எந்தப் பக்கம்? அது தெரியாம உன் வூட்டு விசேஷத்துல கை நனைக்க முடியாது."

"எனக்கு அதப்பத்தி ஒண்ணும் தெரியாதேப்பா."

"எங்களுக்கு மட்டும் தெரியுமா? நாங்க சொல்லல?"

கண்ணையனும் இதையே, ஒரு சொல் மாறாமல் கேட்டார்.

மண்டபம் நிறையக் காலி நாற்காலிகளை நினைத்து அவர் மனைவி வேலம்மாள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஆதிமூலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அரசு புதிதாகத் திறந்திருந்த 'மோதல்கள் குறித்துப் பொறுப்புடன் கருத்துரைத்தல் சிறப்பு அலுவலக'த்துக்குப் போனார். பொறுப்பு அதிகாரி உலகநாதன். கூடுதல் பொறுப்பு, கொசு ஒழிப்பு.

"எனக்குக் கருத்து இல்லன்னு ஒரு சர்டிபிகேட் வேணும் சார். ஊர்ல காட்டணும்."

"கருத்து இருக்கிறவங்களுக்குத்தான்யா ஃபாரம். பேரு, ஆதார் நம்பர், எந்தப் பக்கம். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்."

"சண்டையப் பத்திப் படிச்சாங்களான்னு கேக்க மாட்டீங்களா சார்?"

"அது அவங்க சொந்த விஷயம்." உலகநாதன் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியும்னு சொல்றவன சும்மா நம்பிடலாம். தெரியாதுன்னு சொன்னா ஆதாரம் வேணும். இல்லன்னா ஆளாளுக்குத் தெரியாதுன்னு கெளம்பிடுவான், நிர்வாகம் இன்னா ஆகறது?"

ஆகவே மேலிடத்துக்குக் கடிதம் போய், பதில் வந்து, ஆதிமூலத்துக்கென்றே ஓர் அறியாமைத் தேர்வு ஏற்பாடானது. ஐம்பது கேள்வி. பத்துக்கு மேல் சரியாக எழுதினால் சான்றிதழ் கிடையாது. விடை எழுதாமல் விட்டால் அது அரசுக்கு ஒத்துழையாமை.

"குத்துமதிப்பா எழுதிட்டு வந்துடவா?" என்று அந்த அலுவலக எழுத்தர் லில்லியிடம் ஆதிமூலம் கேட்டார்.

"குத்துமதிப்பா எழுதினா சரியா வுழுந்துடப் போவுதுண்ணே. சரியான பதில் எதுன்னு தெரிஞ்சிக்கங்க. அத மட்டும் எழுதாம வுட்டுடுங்க."

ஒன்பது நாள் ஆதிமூலம் ஸ்பானரைத் தொடவில்லை. நூலகத்தில் பழைய பத்திரிகைகளைப் புரட்டினார். சுவேதாவின் போனில் இந்த நாட்டுக்காரன் சொல்வதையும் அந்த நாட்டுக்காரன் சொல்வதையும் மாறி மாறிப் படித்தார். எரிகிற கட்டடத்தின் படம் ஒன்று கண்ணில் பட்டது. அதைக் கோட்டுக்காரர்கள் தங்கள் பள்ளிக்கூடம் என்றும் வட்டத்துக்காரர்கள் தங்கள் ஆஸ்பத்திரி என்றும் சொல்லிக் குழுவில் கண்ணீர் விட்டிருந்தார்கள். அது நான்கு வருஷத்துக்கு முன்னால், போரே இல்லாத வேறொரு நாட்டில் எரிந்த மெத்தைக் கம்பெனி.

இன்னொரு செய்தியும் படித்தார். குண்டு விழுகிற ஊரில் ஒரு பம்ப் மெக்கானிக் குடிதண்ணீர் மோட்டரைத் தினமும் ரிப்பேர் செய்கிறான். அவன் எந்தப் பக்கத்து ஆள் என்று போடவில்லை. அன்று ஆதிமூலம் நெடுநேரம் போனைக் கீழே வைக்கவில்லை.

தேர்வில் ஐம்பதுக்குப் பூஜ்யம் வாங்கினார். உலகநாதன் விடைத்தாளை இரண்டு தடவை பார்த்தார்.

"ஒண்ணு கூடவா தவறிப்போய் சரியா வராது? இவ்ளோ சுத்தமா தப்பு பண்ண விஷயம் தெரிஞ்சவனாலதான்யா முடியும்." சிவப்பு மையில் எழுதினார்: 'விண்ணப்பதாரர் விவரமறிந்தவர். நிராகரிக்கப்படுகிறது.'

கல்யாணத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த ஆதிமூலம் முதன்முறையாகக் குழுவில் எழுதினார். 'அந்தப் படம் பழசு, வேற நாடு. ரெண்டு பக்கமும் ஜனங்க சாவறாங்க. நடுவுல ஒருத்தன் தண்ணி மோட்டர் பாக்கறான். எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதான். மத்தது தெரியல.'

நான்கு நிமிஷத்தில் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். யார் நீக்குவது என்பதில் மணிவண்ணனுக்கும் கண்ணையனுக்கும் கருத்து வேறுபாடே எழவில்லை. குழப்பவாதி ஒருவனை எதிர்த்து ஊர் ஒன்றுபட்டது. பால் சொசைட்டியில் வரிசை ஒன்றானது. 'இவ்வலுவலகத்தின் இடையறாத முயற்சியால் மோதல் சுமுகமாகத் தீர்க்கப்பட்டது' என்று உலகநாதன் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

ஒன்றுபட்ட ஊர் பெருந்தன்மையாகவும் இருந்தது. கல்யாணத்துக்கு ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். மணிவண்ணன் கைகுலுக்கும் சாக்கில் ஆதிமூலத்தின் காதருகே குனிந்தார்.

"மாமா, அந்தப் போட்டோ பழசுன்னு எனக்கு மொத நாளே தெரியும். எங்க ஆளுங்க நடுவுல சொல்ல முடியுமா? நீயே சொல்லு."

கண்ணையன் சந்தனம் எடுக்க வந்தவர்போல வந்து அதையே சொன்னார். பிறகு சொசைட்டி செயலாளர், சலூன்காரர். உலகநாதன்கூட வந்து, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். பின்னால் வரிசை வாசல்வரைக்கும் நின்றது.

வேலம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாங்க, பொண்ணு மாப்பிள்ளய வுட்டுட்டு எல்லாரும் உங்க காதுலயே இன்னா ஓதுறாங்க?"

"எல்லாருக்கும் தெரியுமாம்."

"இன்னா தெரியுமாம்?"

ஆதிமூலம் அடுத்த ஆளுக்காகத் தலையைச் சாய்த்துக்கொண்டே சொன்னார்: "அத யாருகிட்டயும் சொல்லக் கூடாதாம்."