இர்ஃபானின் பச்சை முகம்

தன் குடல் தன் சொந்தச் சொத்து, அதில் கைப்பேசிக்கு என்ன வேலை என்று இர்ஃபான் ஒரு திங்கட்கிழமை காலை ஈசூன் வட்டாரத்துத் தன் வீட்டுச் சமையலறையில் பிரகடனம் செய்தான். கையில் கஞ்சிக் கிண்ணம். கஞ்சிக் கிண்ணத்தோடு பிரகடனம் செய்து வென்றவர்கள் குறைவு.

பெருங்குடலில் நாள்பட்ட புண். ஆறும், மறுபடி கிளம்பும். போன வருஷம் கிளம்பியபோது மகள் இன்ஷா பிறந்து நாற்பது நாள். அவனுக்கு இரண்டு பை ரத்தம் ஏறியதை மனைவி முனீரா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகுதான் மருத்துவமனை அந்தச் செயலியைக் கொடுத்தது. தினமும் கேட்கும்: எத்தனை தடவை? ரத்தம் உண்டா? நல்ல பதிலுக்குப் பச்சை முகம் சிரிக்கும். கெட்ட பதிலுக்குச் சிவப்பு முகம், கூடவே தாதி சுஷ்மிதாவின் அழைப்பு.

"பாத்ரூம் போறதையெல்லாம் எண்ணிக்கிட்டு இருக்க நான் என்ன மனுஷனா, மீட்டரா?"

"மீட்டர் பொய் சொல்லாதுலா," என்றாள் முனீரா.

சனிக்கிழமை சிராங்கூனில் நண்பன் ரவூபின் கல்யாணம். மட்டன் பிரியாணி. சிவப்பு வந்தால் அன்றைக்கும் கஞ்சிதான். ஆனால் வயிறு மூன்று நாளாகக் கலகம் செய்தது. அலுவலகத்தில் ஏழெட்டுத் தடவை ஓடினான். வீட்டில் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே தடவை. செயலியிலும் 'ஒன்று' என்றே தட்டினான். பச்சை சிரித்தது.

அதோடு நின்றிருக்கலாம். முனீராவின் வாயை ஒரேயடியாக அடைக்க, செயலியில் குடும்பத்தாருக்கென்று இருந்த பக்கத்தையும் அவள் கைப்பேசியில் திறந்து கொடுத்தான். தினமும் பச்சையைப் பார்த்து மகிழட்டும். முனீரா பார்த்தாள். அந்தப் பக்கத்தை அடிவரை தள்ளியும் பார்த்தாள்.

இர்ஃபானுக்குக் கைப்பேசியில் கேரம் ஆடும் பழக்கம் உண்டு. மேசையில் ஆடினால் மேலாளர் சுந்தரம் முறைப்பார். ஆகவே கழிப்பறையில் மட்டும். இதை வீட்டில் பெருமையாகவே சொல்லியிருந்தான். அந்த வாரம் புதிதாக ஓர் எதிராளி வந்து சேர்ந்தார். பெயர் 'காத்தோங் புலி'. இவன் எப்போது ஆடினாலும் உடனே பதிலுக்கு அடிப்பார். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கும், பாவம், வேலைவெட்டி இல்லை என்று இர்ஃபான் வீட்டில் இரக்கப்பட்டான். பாவம்தான் என்றாள் முனீரா.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புலி எழுதினார்: "இன்று ஏழாவது ஆட்டம். உடம்புக்கு என்ன, தம்பி?"

முகம் தெரியாதவரிடம் மனசு இளகிவிட்டது. "வயிறு சரியில்ல சார். கொஞ்சம் ரத்தமும் போகுது. என் பொண்டாட்டிக்கு மட்டும் தெரியக் கூடாது."

"என் மூலம் புதிதாக அவருக்கு ஒன்றும் தெரியவராது, தம்பி."

சாயங்காலம் இர்ஃபான் கல்யாணச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது சுஷ்மிதா அழைத்தாள். இன்றைக்கு ஏழு தடவை, ரத்தமும் உண்டு. நாளைக் காலை ஒன்பதுக்கு டாக்டர் பார்க்கிறார், அதுவரை கஞ்சி மட்டும் என்றாள். நான் 'ஒன்று' என்றல்லவா போட்டேன் என்று இவன் வாதாடினான். குடும்பத்தார் பக்கத்தில் நேரத்தோடு ஏழு குறிப்புகள் இருக்கின்றன என்றாள் அவள்.

இர்ஃபான் திரும்பினான். முனீரா இன்ஷாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆபீசுக்கு ஆள் வெச்சு வேவு பார்த்தியா?"

"பார்த்தேன். ரெண்டு பை ரத்தம் ஏறுறத ஒரு தடவ பார்த்தாச்சு. இன்னொரு தடவ பார்க்க மாட்டேன். நீங்க கோவிச்சுக்கலாம். உயிரோட இருந்து கோவிச்சுக்குங்க."

பதில் வரவில்லை. வேறொன்று வந்தது. எஞ்சிய மானத்தோடு கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டான். உலகில் தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவனுக்குத் தட்டினான்: "சார், வீட்டுல துரோகம் நடந்துபோச்சு."

கதவுக்கு வெளியே முனீராவின் கைப்பேசி 'டிங்' என்றது.

உடனே புலியின் பதில் வந்தது: "எட்டு. குறித்துக்கொண்டேன், தம்பி."