நூபிய மொழிக்குப் பொன்னாடை

ஆதாரத்தாரைப்போலக் கோபப்பட ஒரு மனிதர் இந்த ரொறன்ரோவில் இதுவரை பிறக்கவுமில்லை, வந்து இறங்கவுமில்லை. குளிருக்குக் கோபம். பஸ் பிந்தினால் கோபம். பஸ் நேரத்துக்கு வந்துவிட்டால் "அப்ப நேற்று ஏன் பிந்தினவன்?" என்று அதற்கும் ஒரு கோபம். இந்தக் கோபங்களுக்கெல்லாம் தாய்க்கோபம் ஒன்று இருந்தது. உலகத்து மொழிகள் எல்லாம் தமிழிலிருந்து பிரிந்தவை, அதை உலகம் ஒத்துக்கொள்ள மறுக்கிறது! "ஆதாரம் இருக்கு!" என்று கர்ச்சிப்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

தொண்ணூறுகளில் நாங்கள் டோர்செட் பார்க்கில் ஒரே அடுக்குமாடியில் இருந்தோம். பேஸ்மென்றில் உடுப்புத் தோய்க்கிற அறை. ஒரு சனிக்கிழமை அங்கே இத்ரிஸ் அவரிடம் அகப்பட்டார். இத்ரிஸ் சூடான்காரர், நைல் நதிக்கரையில் பிறந்தவர். மெஷினுக்கு முன்னால் நின்று தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார்.

"அரபுதானே?" என்று ஆதாரத்தார் ஆங்கிலத்தில் கேட்டார்.

இத்ரிஸ் சீறினார். "அரபு இல்லை! நூபியம். அரபு வர முதலே எங்கள் ஆற்றங்கரையில் இருந்த மொழி. இந்த ஊரில் இதைப் பேச எனக்கு ஒருவரும் இல்லை. மறந்துபோகாமல் இருக்க நானே என்னோடு பேசுகிறேன்."

அன்றிலிருந்து உடுப்புக் காயும்வரை நூபியப் பாடம். ஒரு நாள் என் கதவு உடைகிற மாதிரித் தட்டுப்பட்டது.

"கதவைத் திறவும் ஐசே! அவன்ரை பாஷையிலையும் வினை கடைசியிலைதான் வருது. எனக்குத் தா எண்டுறதுக்கு ஒரு சொல்லு, அவனுக்குக் குடு எண்டுறதுக்கு வேறை சொல்லு. அப்பிடியே எங்கடை தமிழ்தான், காணும்! ஆதாரம் கிடைச்சிட்டுது!"

"அண்ணை, ஜப்பான்காரனுக்கும் வினை கடைசியிலைதானாம்."

"ஜப்பானை நான் பிறகு பாக்கிறன்!"

இத்தனைக்கும் அவருக்கு அந்த மொழி வாயில் நுழையவே இல்லை. நூபியத்தில் குரல் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பொருள் உண்டு. ஆதாரத்தாரின் குரலுக்கு ஏற மட்டுமே தெரியும். 'மஸ்கக்னா' என்பது நலம் விசாரிக்கும் சொல். லிஃப்டுக்குள் அவர் அதைச் சொன்னால் பக்கத்தில் நிற்கிற பெண்கள் கைப்பையை இறுக்கிப் பிடிப்பார்கள்.

"நலம் கேட்கிறீர்களா, என்னைக் கைது செய்கிறீர்களா?" என்பார் இத்ரிஸ். ஆனாலும் சனிக்கிழமை வந்தால் அவர்தான் முதல் ஆளாகக் கீழே இறங்குவார். பிழையாகவென்றாலும் பதில் சொல்ல ஒரு மனிதன் இருந்தானே.

பிறகு வந்தது அந்தத் தமிழ் விழா. "உங்கள் மொழியைக் கௌரவிக்கப் போகிறோம்" என்று ஆதாரத்தார் அழைக்க, இத்ரிஸ் வெள்ளை அங்கியும் தலைப்பாகையுமாக வந்தார். பொன்னாடை போர்த்தினார்கள். ஆதாரத்தார் மைக்கைப் பிடித்தார்.

"நூபியம் தமிழின்ரை துலைஞ்சுபோன பிள்ளை! இண்டைக்குத் தாய் வீட்டுக்குத் திரும்பியிருக்கு!"

மண்டபம் அதிரக் கைதட்டல். எதற்குத் தட்டுகிறார்கள் என்று இத்ரிஸ் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அவர் முகம் கறுத்தது. எழுந்து போய் மைக்கை வாங்கினார்.

"அணை கட்டி எங்கள் ஊரைத் தண்ணீருக்குள் விட்டார்கள். வீடு, பேரீச்ச மரங்கள், கல்லறைகள் எல்லாம் அடியில் கிடக்கின்றன. வாயில் கொண்டுவந்தது இந்த மொழி ஒன்றைத்தான். அதையும் உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகப் பார்க்கிறீர்களா?"

பொன்னாடையை மடித்து ஆதாரத்தாரின் கையில் வைத்தார்.

பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கிற மனிதரை எங்கள் சனம் கனவிலும் கண்டதில்லை. "மரியாதை தெரியாதவன்!", "மேடையாலை இறக்குங்கோ!" என்று கதிரைகள் கிறீச்சிட எழுந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கு மரியாதை தெரியாது? தமிழை இன்னொன்றின் கிளை என்று ஒருவன் சொல்லியிருந்தால் அந்த மண்டபத்தின் கூரையே மிஞ்சியிராது. வீடு வாசலை விட்டு ஓடிவந்த எங்களுக்கே அந்த மனிதனின் வலி விளங்கவில்லை என்றால், வேறு யாருக்கு விளங்கும்?

"கத்தாதேங்கோ!" என்று ஆதாரத்தார்தான் எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "அவர் சொல்லுறது சரி. என்னட்டை ஆதாரம் இல்லை."

இத்ரிஸ் அதைக் கேட்க நிற்கவில்லை. ஏற்கெனவே வெளியே போய்விட்டார்.

அதன்பின் சனிக்கிழமைகளில் இத்ரிஸைக் காணவில்லை. ஆதாரத்தார் மட்டும் தோய்த்த உடுப்பையே திரும்பத் திரும்பத் தோய்த்தார். சேர்ட்டெல்லாம் சாயம் போகுதென்று மனைவி வீட்டில் யுத்தம் நடத்தினார். மனிதர் அசையவில்லை.

பனி கரைந்த ஒரு காலை, நான் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கும்போது, இத்ரிஸ் கூடையோடு உள்ளே வந்தார். ஆதாரத்தார் எழுந்து நின்றார்.

"மஸ்கக்னா," என்றார். மெஷின் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

இத்ரிஸ் திரும்பாமல் உடுப்பை மெஷினுக்குள் போட்டு முடித்தார். "இன்றைக்குத்தான் சரியாகச் சொல்கிறீர்கள்," என்றார். பிறகு பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

ஆதாரத்தார் பின்னாளில் மகளோடு ஒஷாவாவுக்குப் போய்விட்டார். நானும் இத்ரிஸும் இப்போதும் அடுக்குமாடிக்கு முன்னாலுள்ள அதே பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறோம். பஸ் பிந்துகிற நாட்களில், கோபப்பட ஆளில்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.