நெட்டையானந்தர் வளர்த்த தும்புத்தடி

வெள்ளவத்தையில் ஒரு வாரமாக எல்லோரும் அண்ணாந்து நடந்தார்கள். பிள்ளைகளை வளர்க்கிற நெட்டையானந்தர் வந்திருந்தார். சோறூட்டி வளர்ப்பதல்ல, அந்தச் சில்லறை வேலையைத் தாய்மார் பார்த்துக்கொள்வார்கள். இவர் உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, ஒரே பூசையில் இரண்டு அங்குலம் உயர்த்துவார். வரிசை தெஹிவளை வரை நீண்டது என்றார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்களையும் பக்தர்களாக எண்ணியிருப்பார்கள்.

ஜெகதீஸ்வரியும் மகள் சிவானியோடு மண்டபத்துக்கு வந்தாள். சிவானிக்குப் பன்னிரண்டு வயது. மரபணுக் கோளாறு ஒன்றின் காரணமாக அவள் எலும்புகள் மெதுவாக வளர்பவை. ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தைப் பரிசோதிக்கிறார்கள். தினமும் ஓர் ஊசி. அதில் இருப்பது மருந்தா, வெறும் உப்புத்தண்ணீரா என்று ஊசி போடுபவருக்கே தெரியாது. கடைசியில் எல்லாப் பிள்ளைகளையும் அளந்து ஒப்பிட்டால்தான் தெரியும். இடையில் நிறுத்தினால் பரிசோதனையிலிருந்து விலக்கிவிடுவார்கள்.

"டொக்டர் தெரியாது எண்டுறார். சுவாமி தெரியும் எண்டுறார். நான் ஆரை நம்ப?" என்றாள் ஜெகதீஸ்வரி.

சுவரில் ஓர் ஆணியில் அளவு எழுதிய பட்டுத்துணி தொங்கியது. பூசைக்கு முன் பிள்ளைகளை அதில் அளந்தார்கள். சிவானி தன் முறை முடிந்ததும் மூலையில் கிடந்த, தரை கூட்டும் தும்புத்தடியை எடுத்துத் துணியோடு நிறுத்தினாள்.

"ஏன்டி அதைத் தூக்கிறாய்?"

"அதுவும் கட்டைதானே அம்மா. பாவம். சரியா நாலடி, பாத்துக்கொள்ளுங்கோ."

கூட்டம் சிரித்தது. சுவாமியும் பெருந்தன்மையாகச் சிரித்தார். பிறகு பிள்ளைகளின் உச்சியில் எண்ணெய் வைத்துக் கற்பூரம் ஏற்றினார்.

"எல்லோரும் கண்ணை மூடுங்கள். பார்த்துக்கொண்டிருந்தால் எலும்பு வெட்கப்படும்!"

எலும்பின் மானம் காக்க மண்டபமே கண்ணை மூடியது. மணி அடித்தது. கண் திறந்து மறுபடி அளந்தால், எல்லாப் பிள்ளைகளும் இரண்டு அங்குலம் கூட! சிவானியும்தான். "அரோகரா!" கூரை அதிர்ந்தது. ஜெகதீஸ்வரி அழுதேவிட்டாள். ஊசி விஷயத்தையும் சுவாமியிடம் சொன்னாள்.

"ஊசி ஏறும் உடம்பில் அருள் தங்காது. இன்றோடு நிறுத்து, மகளே!"

"ஓம் சுவாமி." அவள் கைப்பையிலிருந்து ஊசிப்பெட்டியை எடுத்து அவர் காலடியில் வைக்கக் குனிந்தாள்.

"அம்மா, கொஞ்சம் பொறுங்கோ!" சிவானி தும்புத்தடியை மறுபடி துணியோடு நிறுத்தியிருந்தாள். "இதுவும் ரெண்டு அங்குலம் வளந்திட்டுது. எண்ணெய்கூட வைக்கேல்ல!"

"தடிக்கும் பக்தி இருந்திருக்கும்," என்றார் பின்னால் ஒருவர்.

சிவானி தடியின் நுனியால் துணிக்கு மேலே சுவரைத் தட்டினாள். ஆணிக்கு இரண்டு அங்குலம் மேலே, முதலில் ஆணி இருந்த இடத்தில், புத்தம் புதிய ஓட்டை. அதிலிருந்து சுண்ணாம்பு இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

"சுவாமி, இது என்ன?"

"அது... நுளம்பு கடிக்காமல் படுக்க வலை கட்டின ஓட்டை."

ஜெகதீஸ்வரி நிமிர்ந்தாள். கண்ணீரைத் துடைத்தாள். தும்புத்தடியை மகளிடமிருந்து வாங்கினாள். பிடித்த விதம் கூட்டுவதற்குப் பிடிப்பதுபோல் இல்லை.

நெட்டையானந்தர் கடற்கரைப் பக்க வாசலால் ஓடினார். அவசரத்தில் நிலையில் நெற்றி இடித்தது. அன்று அந்த மண்டபத்தில் உண்மையாக வளர்ந்தது அந்த வீக்கம் ஒன்றுதான்.

ஜெகதீஸ்வரி ஊசிப்பெட்டியைக் கைப்பைக்குள் வைத்தாள். "இந்த மருந்தும் வேலை செய்யாட்டி, பிள்ளை?"

"அதையும் அளந்துதானே சொல்லுவினம். அங்க ஒருத்தரும் கண்ணை மூடச் சொல்லமாட்டினம்."

தலைக்கு எண்ணெய் வையுங்கள், தப்பில்லை. உள்ளே இருப்பதையும் இடைக்கிடை எடுத்துப் பாவியுங்கள்.