பிஸ்கட் டின்னில் குடியேறிய தேவி

நாதானந்தர் வந்துவிட்டார்! அந்த மழைக்காலம் முழுக்க அந்தமானின் ஜங்லிகாட் கடைத்தெருவில் இதே பேச்சு. மெயின்லாண்டிலிருந்து கப்பலேறி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, கரை சேர்ந்து குளித்து முடித்ததுமே மகானாகிவிட்டார். பிணி தீர்க்க வரவில்லை. பிள்ளை வரம் தரவும் வரவில்லை. கிராமபோன் ரெக்கார்டுகளைக் காப்பாற்ற வந்திருந்தார்!

சிரிக்காதீர்கள். போர்ட் பிளேரில் அப்போது அதுதான் பெரிய நோய். மழை பிடித்தால் ரெக்கார்டெல்லாம் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துவிடும். ஊசியை வைத்தால் பாடகி பாட மாட்டாள், இருமுவாள்.

"பூசணமென்றா நினைத்தீர்கள்? பாட்டே கேட்காமல் செத்துப்போன கைதிகளின் ஆவி வந்து நக்கிய எச்சில் இது!" என்றார் சாமியார்.

கூட்டம் நடுங்கியது. ஆவிக்கு ஏது நாக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் புண்ணியம் குறைந்துவிடுமே!

பரிகாரம்? நாதப்பேழை. படாக் மரத்தில் செய்த பெட்டி. உள்ளே தேவி குடியிருக்கிறாளாம். சாட்சி, பெட்டியின் சூடு. கொட்டும் மழையிலும் தொட்டால் ஆள் உடம்பு போலச் சுடும். உள்ளே இருக்கும் ரெக்கார்டுகள் ஈரமே படாமல் பளபளக்கும். சாமியார் காசைத் தொட மாட்டார். சங்கீதத்துக்கு எதிரியாக வீட்டில் சத்தம் போடும் பொருளைக் கொடுத்துவிட்டு, இதே மாதிரி ஒரு பெட்டியை எடுத்துப் போகலாம். அலாரம் கடிகாரம் போனது, டிரான்சிஸ்டர் போனது. பொன்னம்மா வீட்டிலிருந்து ஒரு சேவல் போனது. அன்று மத்தியானமே அது சாமியாரின் குழம்பில் சுருதி சேர்ந்துவிட்டது.

உதயசூரியனுக்கு ஃபீனிக்ஸ் பே கப்பல்துறையில் ஸ்டோர் கீப்பர் வேலை. கப்பல் வரும்போதெல்லாம் ரெக்கார்டும் வரும். டிரங்குப் பெட்டி நிறைந்து துருப்பிடித்தது. கட்டிலுக்கு அடியில் அடுக்கியவை அப்பளம்போல் வளைந்தன. இனி எதில் வைப்பது? மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது.

"சந்திரா, உன் தையல் மெஷினைக் கொடுத்தா பேழை கிடைக்கும்" என்றார் மனைவியிடம்.

சந்திரமதியின் கை மெஷின் சக்கரத்திலேயே நின்றது. தெருவில் பாதிப் பேரின் ரவிக்கை அந்த மெஷினில் தைத்தது. பிள்ளைகளின் புத்தகம், செருப்பு எல்லாம் அது ஓடினால்தான்.

"என் மெஷினா சங்கீதத்துக்கு எதிரி? உங்க குறட்டையைக் கொடுத்துப் பாருங்களேன், சாமி வாங்கிக்கிறாரான்னு."

"விளையாடாத சந்திரா. பேய் நக்கினா எல்லா ரெக்கார்டும் பர்பாத், பாழாப் போயிடும்!"

"சரி, தூக்குங்க மெஷினை. நானும் வர்றேன். தொட்டுப் பாத்துட்டுத்தான் கொடுப்பேன்."

சாமியாரின் கூடத்தில் பொன்னம்மாவும் கூட்டமும் நிற்க, பட்டுத்துணி சுற்றிய பீடத்தில் பேழை வீற்றிருந்தது. பீடத்தின் மேல் சாய்ந்து ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. சந்திரமதி தொட்டுப் பார்த்தாள். அடிப்பக்கம் சுட்டது. மூடி சில்லென்றிருந்தது. தேவி என்ன, கீழ்த்தட்டில் மட்டுமா குடியிருக்கிறாள்? பூனையைப் பார்த்தாள். பூனைக்குப் பக்தி கிடையாது. அடுப்படி எங்கே என்று மட்டும்தான் அதற்குத் தெரியும்.

"பொன்னம்மா, நீ வாங்கிட்டுப் போன பேழை வீட்டுல சூடா இருக்கா?"

"இல்லக்கா, சில்லுன்னு கிடக்கு. பக்தி பத்தலைன்னு சாமி சொன்னாரு."

"சேவல் பத்தலையோ என்னவோ." பக்கத்து டீக்கடைப் பக்கம் திரும்பினாள். "ஜப்பார் பாய், காலி பிஸ்கட் டின் ஒண்ணு கொடுங்க."

டீக்கடை அப்துல் ஜப்பார் டின்னோடு வந்தார். "இந்தா தங்கச்சி. எதுக்கு?"

"தேவிக்கு." சாமியாரிடம் சொன்னாள்: "மெஷின் தர்றேன் சாமி. முதல்ல பேழையை இந்த பெஞ்சுல வைங்க. பீடத்துல இந்த டின் இருக்கட்டும். எல்லாரும் ஒரு டீ குடிச்சுட்டு வந்து தொட்டுப் பாப்போம்."

"தேவி இடம் பெயர மாட்டாள்!"

"அப்போ எங்க வீட்டுக்கு மட்டும் எப்படி வருவா?"

கூட்டம் 'அட' என்றது. அந்த மழைக்காலத்திலேயே கூட்டம் யோசித்தது அப்போதுதான். சாமியார் வாய் திறப்பதற்குள் ஜப்பார் பேழையைத் தூக்கி பெஞ்சில் வைத்துவிட்டார்.

டீ குடித்தார்கள். உதயசூரியன் பேழையைத் தொட்டார். "சில்லுன்னு இருக்கே!" பிறகு டின்னைத் தொட்டார். கையை உதறினார். "ஆத்தீ, சுடுது!"

"தேவி டின்னுக்குள்ள குடியேறிட்டா!" என்று கத்தினாள் பொன்னம்மா. அவ்வளவுதான். டின்மேல் அச்சடித்திருந்த பிஸ்கட் படத்தைப் பார்த்துப் பாதிக் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது!

சந்திரமதி தலையில் அடித்துக்கொண்டாள். டின்னைத் தூக்கினாள். பட்டுத்துணியைப் பிடித்து ஒரே இழுப்பு. ஓட்டை போட்ட பலகைக்குக் கீழே குண்டு பல்பு ஒன்று ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

"ஆ... ஆவிகள் மாட்டிய பல்பு!" என்றார் சாமியார்.

ஜப்பார் வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது சுவர் ஓட்டை வழியாக அவர் கடைக்குள்ளேயே போய் நின்றது. "அரே! தேவிக்குக் கரண்டு என் கடையிலிருந்தா? பக்டோ, பக்டோ! பிடிங்க அந்த ஆளை!"

நாதானந்தர் தாளம் தப்பி ஓடினார். ஜெயிலில் கம்பி எண்ணவாவது தாளம் வேண்டுமென்று போலீஸ் பிடித்து வைத்துக்கொண்டது. கடிகாரமும் டிரான்சிஸ்டரும் வீடு திரும்பின. சேவல்தான் திரும்பவில்லை.

மெஷினைத் தோளில் சுமந்து நடந்த உதயசூரியன் மெல்லக் கேட்டார்: "அப்போ ரெக்கார்டை எதுலதான் வைக்கிறது சந்திரா?"

"நம்ம பழைய அலமாரியில. படுக்க வைக்காம நிமித்தி வைங்க, வளையாது. அடியில தள்ளி ஒரு சின்ன பல்பு எரியட்டும், ஈரம் அண்டாது. அந்த ஆளுக்குத் தெரிஞ்ச ஒரே உண்மை அதுதான். அதைத்தான் துணி போட்டு மூடி வச்சிருந்தான்."

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஜப்பார் கடை திறந்தால், அந்த பிஸ்கட் டின்னுக்குக் குங்குமம் வைத்து, முன்னால் தேங்காய் உடைத்திருந்தது. பொன்னம்மாவும் இன்னும் நாலு பேரும் கைகூப்பி நின்றார்கள். ஜப்பார் சந்திரமதியைக் கூப்பிட்டுவந்து தேங்காயைக் காட்டினார்.

"இதை என்ன செய்ய தங்கச்சி?"

"சட்னி அரைங்க பாய்" என்றாள் சந்திரமதி. பிறகு கைகூப்பியவர்கள் பக்கம் திரும்பினாள்.

"நேத்துத் தொட்டுப் பாத்துக் கும்பிட்டீங்க. இனிமேலாவது தூக்கிப் பாத்துட்டுக் கும்பிடுங்க!"