தளும்பத் தளும்ப ஒரு டம்ளர்

“டம்ளர் நிறையத் தண்ணி சார். தளும்பத் தளும்ப. அதுல ஒரு ஐஸ்கட்டி மிதக்குது. கரைஞ்சா தண்ணி வெளியில வழியுமா, வழியாதா?”

போனில் வந்த குரல் கிசுகிசுத்தது. இலக்கணக்காரர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிப் பார்த்தார்.

பாவம், அவர்மேல் தப்பில்லை. வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் பிள்ளைகள் போன் செய்து கேட்கும் அலுவலகம் அது. அங்கே மூன்று மாதமாக இலக்கணம்தான் பார்த்துவந்தார். வேற்றுமை உருபைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். போன வாரம் அறிவியல்காரருக்கு ஏதோ பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்துவிட, மேலாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இவரைத் தூக்கி அந்த நாற்காலியில் போட்டுவிட்டார்.

போன அறிவியல்காரர் லேசுப்பட்ட ஆள் இல்லை. இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட “தெரியாது” என்று சொன்னதில்லையாம். அவர் படத்தைச் சட்டம் போட்டு அந்த நாற்காலிக்கு மேலேயே மாட்டியிருந்தார் மேலாளர். ஏனென்றால் அந்த அலுவலகத்தில் குற்றம் என்றால் அது ஒன்றுதான். தாமதமாக வரலாம், தூங்கலாம், பக்கத்து மேசைக்காரரின் சாப்பாட்டைக்கூடத் தின்றுவிடலாம். லைனில் “தெரியாது” என்று சொன்னால் மட்டும் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும்.

இன்று சாயந்தரம் இலக்கணக்காரருக்கு வேலை நிரந்தரம் ஆக வேண்டும். இவர் மனைவி அதைக் காலையிலேயே தன் அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அந்த அக்காவிடம் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

பதில் தெரியாதபோது சமாளிக்க என்று மேசையில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்து இலக்கணக்காரர் முதல் வரியைப் படித்தார். “நல்ல கேள்வி தம்பி!”

“தெரியும் சார். பதில் சொல்லுங்க.”

இரண்டாவது வரி. “நீயே கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்.”

“அந்த அட்டையைப் படிக்காதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும். சாப்பாட்டு நேரம் முடிஞ்சு மணி அடிக்கறதுக்குள்ள எனக்குப் பதில் வேணும்.”

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாதது என்னதான் இருக்கிறது என்று இவருக்கு எரிச்சலாக வந்தது. “ஒரு நிமிஷம் லைன்ல இரு தம்பி” என்று சொல்லிவிட்டு, கணக்கு மேசை அம்மாளிடம் ஓடினார்.

“ஐஸ் எத்தனை கிராம்?” என்றாள் அந்த அம்மாள்.

“சொல்லலியே.”

“கிராம் இல்லாம என்னைக் கேக்காதீங்க.”

வரலாற்று மேசைக்காரர் தலையைத் தூக்கினார். “எந்த வருஷம்?”

இவர்களை நம்பினால் விளங்கிவிடும் என்று, இலக்கணக்காரர் சாப்பாட்டு அறைக்குப் போய் ஒரு டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீரும் மேலே ஒரு ஐஸ்கட்டியுமாக, கல்யாணப் பெண் நடக்கிற மாதிரி நடந்து வந்தார். மேசையில் வைத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டார். குனிந்து பார்த்தார்.

ஐஸ் அசையவில்லை. ஏசி அப்படி. ஐஸுக்குச் சொந்த வீட்டில் இருப்பதுபோல் சுகமாக இருந்தது.

யாரும் பார்க்காத நேரத்தில் ஏசியை நிறுத்தினார்.

பத்து நிமிஷத்தில் ஐஸ் பாதியானது. ஆட்களும் பாதியானார்கள். கணக்கு அம்மாள் விடைத்தாளால் விசிறிக்கொண்டாள். வரலாற்றுக்காரர் மூன்றாவது பொத்தானையும் கழற்றினார். கண்ணாடி அறைக் கதவைத் திறந்துகொண்டு மேலாளர் தொப்பலாக வெளியே வந்தார்.

“ஏசிக்கு என்னய்யா கேடு?”

“ரிப்பேர் போல சார்” என்றார் இலக்கணக்காரர்.

“அட ராமா!” என்ற மேலாளர், மேசையில் ஜில்லென்று நின்ற டம்ளரைப் பார்த்தார். அடுத்த நொடி எடுத்தார், அண்ணாந்தார், ஒரே மூச்சில் குடித்தார். ஐஸையும் நறநறவென்று கடித்தார். “நல்லவேளை வச்சிருந்தீங்க. உங்களுக்குப் பொறுப்பு இருக்குய்யா” என்று தட்டிக்கொடுத்துவிட்டு, ஏசி மெக்கானிக்குக்குப் போன் போட உள்ளே போனார்.

“சார்? என்ன ஆச்சு? வழிஞ்சுதா?” என்றது ஸ்பீக்கர்.

“மேலாளர் வயித்துக்குள்ள போயிடுச்சு தம்பி. இன்னொண்ணு வைக்கிறேன்.”

இரண்டாவது டம்ளருக்குக் காவல் போட்டார்கள். வரலாற்றுக்காரர் இந்தப் பக்கம், கணக்கு அம்மாள் அந்தப் பக்கம். விஷயம் பரவி, மற்ற மேசைக்காரர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். வழியும் என்று ஒரு கட்சி, வழியாது என்று ஒரு கட்சி. நாலாபக்கமும் போன் அலறியது. எடுக்க ஆளில்லை.

சத்தம் கேட்டு மேலாளர் மறுபடி வந்தார். “என்னய்யா கூத்து இது? போனை எல்லாம் யார் எடுக்கறது?”

மூலையில் மாட்டிக்கொண்ட பூனை மாதிரி இலக்கணக்காரர் திரும்பினார். “சார், நீங்களே சொல்லுங்க. ஐஸ் கரைஞ்சா தண்ணி வழியுமா, வழியாதா?”

மேலாளர் வாயைத் திறந்தார். மூடினார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“நல்ல கேள்வி!” என்றார் மேலாளர்.

அதன்பிறகு அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஐஸ் கடைசிச் சொட்டாகிக் கரைந்தது. டம்ளரின் அடியில் பார்த்தால், மேசை ஈரம்!

“வழிஞ்சிடுச்சு!” என்று கத்தினார் இலக்கணக்காரர். “தம்பி, எழுதிக்கோ! வழியும்!”

பெருக்க வந்த அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து டம்ளரின் வெளிப்பக்கத்தை விரலால் தொட்டாள். “இது டம்ளர் வேர்த்த தண்ணி. மேல பாருங்க, விளிம்பு வரைக்கும் அப்படியே நிக்குது. ஒரு சொட்டு வழியல. நல்லாப் பாத்தீங்க போங்க!”

“தம்பி, அடிச்சிடு, அடிச்சிடு! வழியாது!”

“ஏன் சார் வழியல? காரணம் கேப்பாங்களே!”

இலக்கணக்காரர் பெருக்குகிற அம்மாளைப் பார்த்தார். அவள் துடைப்பத்தைப் பார்த்தாள். கணக்கு அம்மாள் கூரையைப் பார்த்தாள். அட்டையில் வரி மீதமில்லை. இத்தனை பாடுபட்டும் கடைசியில் ஒரு ‘ஏன்’ வந்து கழுத்தைப் பிடித்ததே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

“தெரியாதுப்பா!” என்று வெடித்தார். “சத்தியமாத் தெரியாது! வழியலைன்னு கண்ணால பாத்தேன். ஏன்னு எனக்குத் தெரியாது. புத்தகத்தை எடு, ரெண்டு பேருமாச் சேர்ந்து படிச்சுப் பாக்கலாம்!”

அலறிக்கொண்டிருந்த போன்கள்கூட நின்றுவிட்டன. மேலாளர் மெல்ல எழுந்தார். இலக்கணக்காரர் மேசை மேலிருந்த தன் பேனாவையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துப் பைக்குள் வைத்தார். மனைவியின் அக்காவுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அப்போது அவர் மனதில் ஓடியது.

ஸ்பீக்கரில் பிள்ளைகளின் இரைச்சலும் மணிச் சத்தமும் கேட்டன. கிசுகிசுப்பை விட்டுவிட்டு, நன்றாகத் தடித்த ஆண் குரல் ஒன்று தொண்டையைச் செருமியது.

“ரொம்ப நன்றி சார், வகுப்புல போய் நானும் இதையே சொல்லிடறேன், அப்படியே, உங்க தலைக்கு மேல தொங்கற என் படத்தைக் கழட்டிட்டு உங்க படத்தை மாட்டச் சொல்லுங்க!”